ஐந்தாவது கம்பி ஆழத்துக்கு இல்லை

ஃபிரெட்லெஸ் பேஸ், அதாவது கழுத்தில் ஃபிரெட் என்கிற உலோகக் குறுக்குப் பட்டிகள் இல்லாத பேஸ் கிட்டார், வாசிக்கிறேன் என்று சொன்னால், கேட்கிறவர் முதலில் என் இடது கையைத்தான் பார்ப்பார். ஃபிரெட்டே இல்லாமல் எப்படிய்யா சரியான இடத்தில் விரல் வைக்கிறாய் என்பது முதல் கேள்வி. அது ஐந்து கம்பி என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி வரும்: நாலு கம்பியில் சுருதி பிடிக்கவே ஆயுசு போதாது, ஐந்தாவது வேறு எதற்கு? பேஸ் வாசிக்கிறவர்களே இப்படித்தான் கேட்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். வழக்கமான இ, ஏ, டி, ஜி கம்பிகளுக்கும் கீழே ஐந்தாவதாக வரும் பி கம்பி இருப்பது இன்னும் கீழே இறங்குவதற்கு, அதிர அதிர வாசிப்பதற்கு என்று ஒரு நினைப்பு. ஃபிரெட் உள்ள பேஸுக்கு அது ஓரளவு பொருந்தும். ஃபிரெட் இல்லாத பேஸில் அந்தக் கம்பி எனக்குக் கொடுத்தது வேறு. கை எங்கே நிற்கலாம் என்கிற சுதந்திரம்.

கொஞ்சம் கணக்கு சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான பேஸின் ஸ்கேல் நீளம், அதாவது கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பியைத் தாங்கும் நட்டிலிருந்து உடல்பக்கத்தில் தாங்கும் பிரிட்ஜ் வரை, 34 அங்குலம், கிட்டத்தட்ட 864 மி.மீ. அதில் முதல் ஃபிரெட்டின் இடம் நட்டிலிருந்து 48 மி.மீ.க்குச் சற்று மேல். அடுத்த இடைவெளி அதைவிடக் குறைவு, அதற்கடுத்தது இன்னும் குறைவு, இப்படிச் சுருங்கிச் சுருங்கி பன்னிரண்டாவது இடத்துக்குப் போகும்போது 26 மி.மீ.க்குள் வந்துவிடும். இப்போது ஆள்காட்டி விரலை முதல் இடத்திலும் சுண்டு விரலை நாலாவது இடத்திலும் வையுங்கள். நடுவே சுமார் 130 மி.மீ. அதே இரண்டு விரலை ஐந்திலும் எட்டிலும் வைத்தால் 103 மி.மீ. தான்.

ஃபிரெட் உள்ள பேஸில் இந்த வித்தியாசத்தை அவ்வளவாக உணர மாட்டோம். சுருதியைத் தீர்மானிப்பது ஃபிரெட். சுண்டு விரல் எட்டாமல் ஒரு சென்டிமீட்டர் பின்னால் அழுத்தினாலும் நோட்டு அதே நோட்டுதான். இங்கே விரல்தான் ஃபிரெட். எட்டவில்லை என்றால் அபஸ்வரம், வேறு பேச்சில்லை. ஒரு அரை ஸ்வரத்தை 100 சென்ட் என்று பிரிக்கிறார்கள் இல்லையா, நட்டுக்குப் பக்கத்தில் ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய அரை மி.மீ. பத்து சென்ட் பிசகினால் காது உள்ளவர் யாரும் முகம் சுளிப்பார். அந்தப் பத்து சென்ட் அங்கே 5 மி.மீ. மேலே போகப் போக அதே பிசகுக்கு 2.5 மி.மீ. போதும், ஆனால் அங்கே விரல்கள் நெருக்கமாக, இயல்பாக இருக்கும், விரித்துப் பிடிக்க வேண்டிய அவஸ்தை கிடையாது. விரித்த கை இறுகின கை. இறுகின கையால் 5 மி.மீ. திருத்துவதைவிடத் தளர்ந்த கையால் 2.5 மி.மீ. திருத்துவது எளிது, இது என் அனுபவம்.

சரி, இதில் பி கம்பி எங்கே வருகிறது? நாலு கம்பி பேஸில் கீழ் எஃப் வேண்டுமென்றால் இ கம்பியின் முதல் இடத்தைத் தவிர வேறு வழி இல்லை. ஐந்து கம்பியில் அதே எஃப் பி கம்பியின் ஆறாவது இடத்தில் இருக்கிறது. எஃப் மேஜரை எடுத்துக்கொள்ளுங்கள்: பி கம்பியில் 6, 8, இ கம்பியில் 5, 6, 8, ஏ கம்பியில் 5, 7, 8. முழு எட்டு நோட்டும் ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவில், ஒரு விரலுக்கு ஓர் இடம், கட்டை விரல் கழுத்துக்குப் பின்னால் நகரவே வேண்டாம். கையை ஒரே இடத்தில் நிறுத்தினால் விரல்களுக்கு இடைவெளி பழகிவிடும், காதுக்கு வேலை குறையும். நட்டுக்கும் நடுவுக்குமாக ஓடிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் புதிதாகத் தேட வேண்டும்.

இன்னொரு லாபம், எனக்கு இதுதான் பெரிது. நாலு கம்பியில் கீழ் இ என்பது திறந்த கம்பி மட்டுமே. ஃபிரெட் இல்லாத பேஸில் திறந்த கம்பி ஓர் அந்நியன். அதன் ஒரு முனை நட்டில், அதாவது எலும்பிலோ பித்தளையிலோ, உட்கார்ந்திருக்கும். பக்கத்து நோட்டின் முனை என் விரல் சதையிலும் மரத்திலும் இருக்கும். எஃப் வாசித்து இ-க்கு இறங்கினால் எஃப் பாடும், இ மணி மாதிரி அடிக்கும். மெதுவான பாட்டில் அப்பட்டமாகத் தெரியும். அசைக்கவும் முடியாது, வழுக்கிக்கொண்டு போய்ச் சேரவும் முடியாது. பி கம்பியின் ஐந்தாவது இடத்தில் அந்த இ-யைப் பிடித்தால் அதுவும் மற்ற நோட்டுகளோடு சேர்ந்து பாடத் தொடங்கிவிடுகிறது. கீழே டி-யிலிருந்து இழுத்துக்கொண்டு வரலாம், வந்தபின் லேசாக உருட்டலாம். இந்த ஒரு நோட்டுக்காக ஒருவர் ஐந்து கம்பி வாங்கினால் நான் தடுக்க மாட்டேன்.

விலை ஒன்று உண்டு, மறைப்பானேன். பி கம்பி தடிமனானது, பெரும்பாலும் 0.125 முதல் 0.135 அங்குலம். தடித்த கம்பி விறைப்பாக இருக்கும், விறைப்பான கம்பியின் மேல் ஹார்மானிக்குகள், அதாவது அடி நோட்டோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த சுருதிகள், கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்தைவிடச் சற்று மேலே போகும். பி கம்பியில் மேலே ஏறினால் அதிரும் நீளம் குறைகிறது, விறைப்பு இன்னும் தெரிகிறது, ஒலி மங்குகிறது. பி கம்பியின் எட்டாவது இடத்து ஜி-யும் இ கம்பியின் மூன்றாவது இடத்து ஜி-யும் ஒரே சுருதி, ஆனால் ஒரே குரல் இல்லை. முன்னது கம்பளி போர்த்திக்கொண்டு பேசும். பத்துக்கு மேல் பி கம்பியில் எனக்கு வேலை இல்லை.

கீழ்ப்பக்கமும் நான் அதிகம் போவதில்லை. திறந்த பி 30.87 ஹெர்ட்ஸ். மனிதக் காதின் அடிமட்டம் சுமார் 20 ஹெர்ட்ஸ் என்பார்கள், அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சி-யா, சி ஷார்ப்பா, கொஞ்சம் இறங்கின டி-யா என்று தீர்மானிப்பது சாமானியம் இல்லை. பல ஸ்பீக்கர்கள் அந்த 31 ஹெர்ட்ஸை உருப்படியாகக் கொடுப்பதே கிடையாது. 62, 93, 124 என்று மேலே இருக்கும் ஹார்மானிக்குகளைக் கேட்டு, அடியில் இது இருக்க வேண்டும் என்று மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. அப்படி ஊகத்தில் கேட்கிற சுருதியை வைத்துக்கொண்டு விரலைத் திருத்துவதற்குள் நோட்டு முடிந்துவிடும். ஆகவே பி கம்பியின் முதல் மூன்று இடங்கள் எனக்கு விசேஷத்துக்கு மட்டும். பாட்டின் கடைசியில் ஒரு நீண்ட டி, அவ்வளவுதான். ஐந்து கம்பி வாங்கிவிட்டோமே என்று எல்லாவற்றையும் ஓர் ஆக்டேவ் கீழே தள்ளி வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்கிறவர் வயிறு குலுங்கும், பாட்டு கேட்காது.

ட்யூன் செய்வதற்கும் இதே சங்கடம். சுருதி காட்டும் ட்யூனர் கருவிகள் சில திறந்த பி-யைக் கேட்டதும் திருதிருவென்று முழிக்கும். பி கம்பியின் ஐந்தாவது இடத்தில் விரலை அழுத்தாமல் தொட்டு ஹார்மானிக் எடுங்கள், இ கம்பியின் ஏழாவது இடத்தில் இன்னொன்று. இரண்டும் ஒரே பி, சுமார் 123.5 ஹெர்ட்ஸ். இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் நடுவே அலை அலையாக ஏறி இறங்கும். பி கம்பியின் சுருதித் திருகை மெதுவாகத் திருப்பினால் அலை நீண்டு நீண்டு நின்றுபோகும். கறாராகச் சொன்னால் இதில் 2 சென்ட் அளவுக்கு வேறுபாடு உண்டு, அதைப்பற்றிக் கவலைப்படுகிறவர் ஃபிரெட்லெஸ் பக்கம் வராமல் இருப்பது நல்லது.

பயிற்சி என்று கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன், தம்பூரா ஆப் போட்டுக்கொண்டு வாசியுங்கள். ட்யூனரின் ஊசியைப் பார்த்து வாசித்தால் கண் தேறும், காது அங்கேயே நிற்கும். தம்பூரா ஓடும்போது பஞ்சமம் பிசகினால் உடனே தெரியும், அலை அடிக்கும். அந்தர காந்தாரத்தில்தான் சுவாரஸ்யம். தம்பூராவோடு இசைவாக நிற்கும் காந்தாரம், கீபோர்டில் இருக்கும் மேஜர் தேர்டைவிட 14 சென்ட் கீழே. ஏழாவது இடத்துப் பக்கம் அது நாலரை மி.மீ. தனியாக வாசிக்கும்போது விரல் தானாக அங்கே போய் நிற்கும், கேட்க அவ்வளவு சுகம். அப்புறம் கீபோர்டுக்காரர் வந்து ஒரு சி மேஜர் அழுத்துவார், நம்முடைய அழகான காந்தாரம் அங்கே தணிந்து தெரியும். யார் விட்டுக்கொடுப்பது? அவர் முடியாது, அவரிடம் இருப்பது கட்டை. நாம்தான் நகர வேண்டும். ஃபிரெட்லெஸ்காரன் வாழ்க்கை முழுக்க மற்றவர் சுருதிக்கு நகர்ந்துகொண்டே இருப்பவன், அது குறையும் இல்லை.

ஃபிங்கர்போர்டில், அதாவது விரல் அழுத்தும் பலகையில், ஃபிரெட் இருந்திருக்க வேண்டிய இடங்களில் கோடு இருக்க வேண்டுமா கூடாதா என்று ஒரு சண்டை என்றும் ஓயாமல் நடக்கிறது. கோடு போட்டது கற்றுக்குட்டிக்கு, கோடில்லாதது வித்வானுக்கு என்கிற மாதிரி. இதில் எனக்குப் பொறுமை இல்லை. ஃபிரெட்லெஸ் மேதை ஜாக்கோ பாஸ்டோரியஸின் புகழ்பெற்ற 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸ், ஃபிரெட்டுகளைக் கழற்றிவிட்டுப் பள்ளங்களை நிரப்பி, மேலே படகுகளுக்குப் பூசும் எபாக்ஸிப் பிசினைப் பூசிய பேஸ். அதில் கோடு தெளிவாகத் தெரியும். 1976இல் வெளியான அவருடைய முதல் ஆல்பத்தைக் கேட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் இந்த வாத்தியத்துக்கே வந்தோம். அவருக்கு ஆகாத அவமானம் நமக்கு எதற்கு? மேடையில் டிரம்ஸ் இரைச்சலில் உங்கள் நோட்டே உங்களுக்குக் கேட்காத நேரம் வரும், அப்போது கோடுதான் துணை.

கோட்டைவிட முக்கியமான விஷயம் ஓரத்துப் புள்ளிகள். ஃபிரெட் உள்ள பேஸில் பக்கவாட்டுப் புள்ளிகள் இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் இருக்கும். கோடில்லாமல் செய்யப்படும் பல ஃபிரெட்லெஸ் பேஸ்களில் புள்ளி சரியாக நோட்டின் இடத்திலேயே இருக்கும். ஃபிரெட்டைக் கழற்றி மாற்றின பேஸிலோ, பழைய புள்ளி நடுவிலேயே கிடக்கும். ஒன்றில் பழகிவிட்டு இன்னொன்றை எடுத்தால் எல்லா நோட்டும் கால் ஸ்வரம் தள்ளிப்போகும். என்னுடையதில் மங்கலான கோடும் உண்டு, புள்ளியும் கோட்டின் முனையிலேயே இருக்கிறது. தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் கோடு வேறு இடத்தில் இருப்பதுபோலத் தெரியும், ஆகையால் நான் புள்ளியைத்தான் நம்புகிறேன்.

வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. 1951இல் லியோ ஃபெண்டர் பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்தபோது ஃபிரெட் இருப்பதையே பெருமையாகச் சொல்லி, துல்லியம் என்று அர்த்தம் வரும்படி ப்ரெசிஷன் பேஸ் என்று பெயர் வைத்தார். பத்தே வருடத்தில், 1961இல், பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் சேர்ந்த பில் வைமன் ஒரு மலிவான பேஸின் தேய்ந்த ஃபிரெட்டுகளைப் பிடுங்கிவிட்டு, புதிது போடுவதற்குள் அந்த ஒலி பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார். 1966இல் ஆம்பெக் நிறுவனம் ஃபிரெட்லெஸ்ஸைத் தயாரித்தே விற்றது, 1970இல் ஃபெண்டரும் அந்த ப்ரெசிஷனையே ஃபிரெட் இல்லாமல் கொண்டுவந்தது. ஐந்தாவது கம்பியின் கதையும் நேராகப் போகவில்லை. 1965இல் வந்த ஃபெண்டர் பேஸ் ஃபைவில் கூடுதல் கம்பி மேலே இருந்தது, சி. கீழே பி வைப்பது எழுபதுகளில்தான் வந்தது.

இந்த வாத்தியத்தின் அந்த "ம்வா" ஒலி பற்றிச் சொல்லாமல் விட்டால் அடிக்க வருவார்கள். கம்பியை மீட்டியதும் முதலில் கொஞ்சம் மொட்டையாக ஒரு சத்தம், பிறகு அது மலர்ந்து மேலே ஏதோ திறந்துகொள்கிற மாதிரி. காரணம், அதிரும் கம்பி மரத்தின் மேல் மிக லேசாக, நீளவாக்கில் உரசிக்கொண்டே போவது. ஆகவே அது விரலில் பாதி, செட்டப்பில் பாதி. கழுத்து ஏறக்குறைய நேராக இருக்க வேண்டும், மிக லேசான வளைவு போதும். கம்பியை முதல் இடத்திலும் கடைசி இடத்திலும் அழுத்திப் பிடித்து நடுவில் பார்த்தால் ஒரு தாள் நுழையும் இடைவெளி. நட்டில் கம்பி கிட்டத்தட்டப் பலகையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஃபிரெட்டைக் கழற்றிவிட்டு நட்டை அப்படியே விட்ட பேஸ்களில் முதல் சில இடங்கள் வாசிக்கவே முடியாமல் உயரமாக இருப்பது இதனால்தான். பிரிட்ஜ் பக்கத்து பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) ஏற்றி, வலது கையையும் அந்தப் பக்கம் கொண்டுபோனால் ம்வா முன்னால் வரும்.

இதிலும் பி கம்பி தனிக்கட்சி. மற்ற நாலு கம்பிக்குப் பொருந்துகிற உயரத்தில் பி-யை வைத்தால் அது ம்வா என்று சொல்லாது, கடகடவென்று அடிக்கும். அதன் வீச்சு பெரிது. நான் அதை மட்டும் அரை மி.மீ. போல உயர்த்தி வைத்திருக்கிறேன், மெதுவாக மீட்டவும் பழகிக்கொண்டேன். பி கம்பியை ஓங்கி மீட்டினால் கிடைப்பது சத்தம் இல்லை, இரைச்சல். சத்தம் வேண்டுமென்றால் ஆம்ப் இருக்கிறது.

அதோடு பி கம்பி சும்மா இருக்கும்போதும் சும்மா இருக்காது. நீங்கள் இ கம்பியில் ஒரு பி வாசித்தால் அது தானாக முனகும். ஃபிரெட்லெஸ்ஸில் இந்த முனகல் சுருதியைக் கலக்கிவிடும், ஏனென்றால் நம் நோட்டு ஒரு துளி விலகியிருந்தால் அந்த முனகலோடு உரசும். வலது கைக் கட்டை விரலை பிக்கப்பின் மேல் நட்டு வைக்காமல் கம்பிகளின் மேல் மிதக்கவிட வேண்டும். ஏ-யை வாசிக்கும்போது கட்டை விரல் பி-யின் மேல் சாய்ந்து, அதன் பக்கம் இ-யையும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இடது கையைப்பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள் என்றேனே, என் நேரம் அதிகம் போனது இந்த வலது கட்டை விரலுக்குத்தான்.

கம்பி வகை பற்றிச் சுருக்கமாக. மேலே உருண்டை இழை சுற்றிய ரவுண்ட்வௌண்ட் போட்டால் ஒலி உயிரோடு இருக்கும், ஆனால் விரலை நீளவாக்கில் உருட்டும் ஒவ்வொரு முறையும் அது மரத்தை அரம் போல ராவும். ரோஸ்வுட் சீக்கிரம் தடம் வாங்கும், எபனி கொஞ்சம் தாங்கும், எபாக்ஸி பூசியது இன்னும் தாங்கும். தட்டையான இழை சுற்றிய ஃப்ளாட்வௌண்ட் மரத்துக்கு நல்லது. ஆனால் நான் போட்டுப்பார்த்த ஃப்ளாட்வௌண்ட் பி கம்பிகள் எல்லாம் தொம் தொம் என்று மட்டும்தான் பேசின. என் பலகை எபனி, எனவே நிக்கல் ரவுண்ட்வௌண்ட். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் கடினம், அது வேண்டாம். ஜி கம்பிக்குக் கீழே, மூன்றிலிருந்து ஏழு வரை, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய வரிகள் தெரிகின்றன. பி கம்பிக்குக் கீழே ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவில் மட்டும். எங்கே குடியிருக்கிறேன் என்று பலகையே சொல்கிறது. என்றாவது ஒரு நாள் தேய்த்துச் சமன் செய்யக் கொடுக்க வேண்டியதுதான்.

சறுக்கல் என்பது புதிதாக வாங்கினவர்களின் வியாதி. ஒவ்வொரு நோட்டுக்கும் கீழிருந்து வழுக்கிக்கொண்டு வருவது, ஒவ்வொரு நோட்டையும் ஆட்டுவது. சுருதி நிச்சயமில்லாததை மறைக்கத்தான் பாதி ஆட்டம். ஒலியை இரட்டித்து அலையவிடும் கோரஸ் பெடலும் அந்த ரகம், எண்பதுகளில் அது அழகாகவும் இருந்தது என்பது வேறு விஷயம். பேஸ் கலைஞர் பினோ பல்லடீனோ வாசித்ததைக் கேளுங்கள், எங்கே வழுக்க வேண்டுமோ அங்கே மட்டும் வழுக்குவார், மற்ற இடத்தில் நேராக வந்து நிற்பார். நீண்ட நோட்டு நிற்கட்டும், நின்ற பிறகு வேண்டுமென்றால் ஆடட்டும்.

பழையது வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. விற்கிறவர் திறந்த பி கம்பியை மீட்டி, எப்படி அதிர்கிறது பாருங்கள் என்பார். அதைக் கேட்டுக்கொண்டு, அப்புறம் பி கம்பியின் ஐந்தாவது இடத்தில் இ வாசியுங்கள், அதையே இ கம்பியில் திறந்து வாசியுங்கள், ஆறு, ஏழு, எட்டு என்று ஏறுங்கள். பி கம்பியின் குரல் அங்கே சுத்தமாக அணைந்துபோனால் முதலில் கம்பியை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பி கம்பி நல்ல பேஸையும் செவிடாக்கும். புதுக் கம்பியிலும் அப்படித்தான் என்றால் விட்டுவிடுங்கள், நாலு கம்பியே போதும். 35 அங்குல ஸ்கேல் வாங்கினால் பி இறுக்கமாக இருக்குமே என்பார்கள். இருக்கும். ஐந்திலிருந்து எட்டு வரையிலான தூரம் 103 மி.மீ.யிலிருந்து 106 ஆகும், அந்த மூன்று மி.மீ. உங்கள் சுண்டு விரலுக்குச் சம்மதமா என்று வாசித்துப் பார்த்தால்தான் தெரியும். என் சுண்டு விரலுக்குச் சம்மதம் இல்லை, அதனால் 34.